தமக்கையார் கேட்ட கேள்வி

சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய வந்த எம் தமக்கையார், குழாயின் திருகை விரல்களால் பற்ற இயலாமல் முழங்கையால் தட்டித் திறந்ததை நாம் முதன்முதலாகக் கண்டது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி விடியலில். இராசபாளையத்தில் அவர் இல்லத்தில் ஓரிரவு தங்கியிருந்தோம். வெயில் ஏறிய பிறகு அதே கைகள் தோசை வார்த்தன, வெங்காயம் அரிந்தன. ஆனால் விடிந்து ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் வரையில் அவை அவருடைய கைகளாக இல்லை. அன்று நாம் ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் ஒரு மருத்துவர் நோய்க்குப் பெயர் வைத்த பின்னரே வீட்டில் பேச்சு எழுந்தது. நம் பெரியவர்கள் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லி வந்த நோய்தான் அது.

பெயர் தெரிந்த அன்று தமக்கையார் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் தம்பி, அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவர் எண்ணம். "நான் செய்த வேலைதான் என் கையைத் தின்றுவிட்டதா, தம்பி?" என்றார். அப்போது எம்மிடம் விடை இல்லை. ஏதோ ஆறுதல் சொல்லி எழுந்து வந்துவிட்டோம். அந்தக் கேள்வியின் பின்னால் நாம் நடந்த நடையே இக்கட்டுரை.

அவர் செய்த வேலை எது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இராசபாளையம் பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர். பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் தொடங்கிய இராசபாளையம் மில்லிலிருந்து எண்ணினால் ஆலைச் சங்கு அங்கே தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கி ஒலித்திருக்கிறது. பக்கத்தில் சத்திரப்பட்டி. மருத்துவமனைகளில் காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்வதில் பெயர் பெற்ற ஊர் அது. முன்பு கைத்தறி, இப்போது விசைத்தறி. எவருடைய புண்ணையோ ஆற்றப் போகும் துணி அங்கே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமக்கையார் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஒரு கைத்தறியும் ஒரு ராட்டையும் இருந்தன. மாமனார் நெய்வார், மருமகள் தார் சுற்றுவார். இடக்கை நூலைப் பிடித்துக் கொடுக்கும், வலக்கை சக்கரத்தைச் சுழற்றும். தறி போன பிறகு ஒரு தறிக்கூடத்தில் துணியை மடித்துச் சுருட்டும் வேலைக்குச் சென்றார். இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள். இன்றைக்கு அவருடைய வலக்கை மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுக்களும் இடக்கையைவிட மிகுதியாக வீங்கியிருக்கின்றன. கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. அது வீண் கேள்வியன்று.

இன்னொரு கேள்வி திருவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. தமக்கையாரின் இளைய மகளை அங்கே ஒரு நல்ல குடும்பத்தில் கேட்டிருந்தார்கள். எல்லாம் கூடி வந்த வேளையில் மணமகன் வீட்டுப் பெரியம்மாள், பெண்ணின் தாயார் நாற்காலியில் அமர்ந்து தொழுவதைப் பார்த்துவிட்டார். "இது இரத்தத்தில் உள்ள நோயா?" என்று ஆள் விட்டுக் கேட்டார். அத்துடன் பேச்சு நின்றது. ஆக, வேலையால் வந்ததா என்று தாய் கேட்கிறார், இரத்தத்தால் வந்ததா என்று சம்பந்தி வீட்டார் கேட்கின்றனர். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்றே நாமும் அப்போது நினைத்தோம்.

சரவாங்கி ஒரு தன்னெதிர்ப்பு நோய். கிருமிகளை எதிர்க்கவென்று உடலில் அமைந்த காவற்படை, வேற்றாளையும் வீட்டாளையும் பிரித்தறியும் ஆற்றலில் தடுமாறி, மூட்டின் உட்சவ்வையே பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. சவ்வு தடிக்கிறது, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. டெல்லிக்கு அருகே பல்லப்கர் கிராமப்புறத்தில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்களில் 1000 பேருக்கு ஏழெட்டுப் பேரிடம் இந்நோய் இருந்தது. அரிய நோயன்று.

இங்கே எம்மை நெடுநாள் தடுத்து நிறுத்திய ஒரு புதிர் உண்டு. அந்தக் காவற்படை இரத்தத்தோடு உடல் முழுதும் சுற்றி வருகிறது. இடக்கைக்குப் போகும் இரத்தந்தான் வலக்கைக்கும் போகிறது. விரலின் அடிக்கணுவுக்குப் போவதுதான் நுனிக்கணுவுக்கும் போகிறது. அப்படியிருக்க, அடிக்கணு வீங்குகிறது, நுனிக்கணு பெரும்பாலும் தப்புகிறது. உழைத்த கை கூடுதலாகச் சிதைகிறது. உடலெங்கும் திரியும் படைக்கு இங்கே இறங்கு என்று இடம் காட்டுபவர் யார்?

விடையின் நுனி நம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவன் கை காய்த்துப் போகிறது. திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் எம் நண்பர் ஒருவரின் உள்ளங்கையில், துடுப்பு அழுந்தும் இடத்தில் மட்டும் தோல் செருப்புத் தோல் போல் தடித்திருக்கும். தொழுகையாளிகளின் நெற்றியிலும், அத்தஹிய்யாத்து இருப்பில் தரையில் அழுந்தும் கணுக்காலின் வெளிப்புறத்திலும் காணும் காய்ப்பை அறியாத முஸ்லிம் வீடு உண்டா? இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எண்ணிப் பார்த்தால் வியப்பு. செருப்பு உராய உராயத் தேய்கிறது, உயிருள்ள தோலோ உராய உராயத் தடிக்கிறது. அழுத்தம் வந்ததை அங்குள்ள உயிரணுக்கள் அறிந்துகொண்டன. அறிந்தபின் முன்னைவிட மிகுதியாகப் பெருகின, உறுதியான புரதங்களைக் கூடுதலாகச் செய்தன. என்ன புரதம் எவ்வளவு செய்வது என்பது உட்கருவில் உள்ள மரபணுவைப் பார்த்தே முடிவாகும். ஆகவே, வெளியே விழுந்த அழுத்தம் உள்ளே மரபணு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. எலும்பும் தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே நூல் எழுதினார். எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அடுத்த நூறாண்டுகளுக்குப் பிடிபடாமல் இருந்தது.

அதன் முதல் வாயிலைத் திறந்து காட்டியவர்களுள் ஆர்டெம் பட்டபூட்டியன் ஒருவர். லெபனானின் பெய்ரூத்தில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்தினால் மின்சாரச் சலனம் காட்டும் உயிரணுக்களை எடுத்துக்கொண்டு, ஐயத்திற்கிடமான 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக வாயடைத்துப் பார்த்தது அவருடைய குழு. அவற்றுள் ஒன்றை அடைத்தபோது உயிரணு குத்தலை உணரவில்லை. அழுத்தம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பீசோ என்று பெயரிட்டு 2010இல் அறிவித்தனர். உயிரணுவின் தோலில் பதிந்திருக்கும் சின்னஞ்சிறு கதவு அது. தோல் இழுபட்டால் கதவு திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, வெப்பத்தை உணரும் கதவைக் கண்ட டேவிட் ஜூலியஸுக்கும் இவருக்குமாக வழங்கப்பட்டது. இதே பீசோ வெள்ளை அணுக்களிலும் இருந்து, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அவற்றுக்கு உணர்த்தி அழற்சியைக் கிளப்புகிறது என்பது 2019இல் தெரியவந்தது. காவலனுக்கும் தொடு உணர்ச்சி உண்டு என்று அதற்குப் பொருள்.

கதவு ஒன்று. இழை மற்றொன்று. உயிரணுவை நீர் நிறைந்த பை என்றுதான் நாம் பாடம் நடத்தினோம். அது போதாத பாடம். அதனுள்ளே புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வெளிச்சுவரில் முடிந்த இழை, வேறு புரதங்கள் வழியாக உட்கருவின் சுவரில் வந்து பிணைகிறது. வெளியே இழுத்தால் உட்கரு நெளிகிறது, அதற்குள் சுருட்டி வைத்த மரபுநூல் ஓரிடத்தில் நெகிழ்கிறது, மற்றோரிடத்தில் இறுகுகிறது. நெகிழ்ந்த இடம் படிக்கப்படும், இறுகிய இடம் படிக்கப்படாது. பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இத்துறையில் உழைத்த ஜி. வி. சிவசங்கர், பின்னர் சிங்கப்பூரில் தம் குழுவினருடன் 2013இல் ஒன்றைக் காட்டினார். ஒரே வகை உயிரணுவை ஒரு தளத்தில் அகலப் பரந்திருக்கவும், மற்றொரு தளத்தில் குறுகி ஒடுங்கவும் செய்தால், அதனுள் படிக்கப்படும் மரபணுக்களின் தொகுதியே மாறிவிடுகிறது. இத்தாலியின் பாதுவா நகரத்துப் பிக்கோலோ குழுவினர் 2011இல் யாப் என்னும் புரதத்தைப் பற்றி எழுதினர். உயிரணு இறுக்கமான தளத்தில் விரிந்து நின்றால் அது உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை எழுப்புகிறது, மெத்தென்ற தளத்தில் வெளியிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பெயர் ஆங்கிலச் சுருக்கம், நம் மொழியிலோ யாப்பு என்றால் கட்டு. தற்செயல்தான், ஆயினும் இரசித்தோம்.

இதையெல்லாம் தமக்கையாருக்கு எப்படிச் சொல்வது என்று மலைத்தபோது, அவர் மாமனாரின் பழைய தறியே கைகொடுத்தது. "அக்கா, பாவில் எத்தனை இழை இருந்தாலும் மிதியை மிதித்தால் எல்லா இழையுமா எழும்பும்?" என்று கேட்டோம். "அதெப்படி? அந்த மிதியில் கட்டிய விழுது எதுவோ அந்த இழைதான் எழும்பும்" என்றார். அவ்வளவுதான். மரபணுக்கள் பாவு இழைகள். அத்தாவும் அம்மாவும் ஏற்றித் தந்த பாவு. அவை அனைத்தும் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கின்றன. எது எழும்பும், எது படுத்திருக்கும் என்பதை மிதி சொல்கிறது. மிதிகள் பல உண்டு. உணவு, கிருமி, புகை, சுரப்பு நீர் இவையெல்லாம் மிதிகளே. விசையும் அவற்றில் ஒன்று என்பதுதான் புதுச்செய்தி. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, எமக்குத்தான் விளங்க ஆறு மாதம் ஆயிற்று.

இனி மூட்டுக்கு வருவோம். 1962இல் இங்கிலாந்தில் தாம்ப்சன், பைவாட்டர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலிழந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சரவாங்கி வந்தபோது, அசையும் பக்கத்து மூட்டுகள் வீங்கின, அசையாத பக்கம் தப்பித்துக்கொண்டது! இரத்தம் இரு பக்கமும் ஒன்றுதான். அசைவற்ற பக்கத்தில் நரம்பும் ஓய்ந்திருந்ததால் நரம்புக்கும் இதில் பங்குண்டு என்பர். ஆனால் விசையை மட்டும் பிரித்துப் பார்த்த சோதனை 2018இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மூட்டழற்சி உண்டாகும்படி செய்த எலிகளில் சிலவற்றின் பின்கால்கள் தரையில் ஊன்றாதவாறு வாலைத் தாங்கித் தூக்கி வைத்தனர். அந்தப் பின்கால்களில் நோய் இறங்கவில்லை. சக்கரத்தில் ஓட விடப்பட்ட எலிகளுக்கோ மிகுந்தது. காரணத்தையும் தேடினர். சுமை தாங்கும் இடத்து மூட்டின் உயிரணுக்கள், இழுபட்டதும் சில மரபணுக்களை எழுப்பி, இரத்தத்தில் திரியும் ஒருவகை வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கும் புரதங்களை வெளியிடுகின்றன. அழைப்புக்கு வந்து சேர்ந்தவற்றில் சில எலும்பை அரிக்கும் அணுக்களாக மாறிவிடுகின்றன. எலியில் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆயினும் படைக்கு இடம் காட்டியது யார் என்ற எம் புதிருக்கு இதைவிடத் தெளிவான விடையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மற்றொன்றையும் விட்டுவிட மனமில்லை. விரலின் மூட்டுச் சவ்வும் முழங்காலின் மூட்டுச் சவ்வும் ஒன்றல்ல என்றும், அந்தந்த இடத்து உயிரணுக்கள் தம் முகவரியை மரபணுக்களின்மேல் குறித்து வைத்திருக்கின்றன என்றும் சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினர். தன்னெதிர்ப்பு நோயாகவே கருதப்படும் காளாஞ்சகப்படை என்னும் தோல் நோயிலும் இந்த இடக்குறிப்பு உண்டு. சிராய்ப்பு பட்ட கோட்டிலேயே புதிய படை எழும்புவதைப் பிரெஸ்லாவு நகர மருத்துவர் கோப்னர் 1870களிலேயே கண்டு சொல்லிவிட்டார். அப்போது எவருக்கும் மரபணு என்ற சொல்லே தெரியாது.

ஆக, விசை நோயைப் பிறப்பிப்பதில்லை. பிறந்துவிட்ட நோய் எந்த மூட்டில் இறங்கும், எங்கே ஆழமாகத் தோண்டும் என்பதில் அதற்குச் சொல் உண்டு. பால்கோவா கிண்டும் நண்பருக்குக் கை காய்த்ததே தவிரச் சரவாங்கி வரவில்லை. அவர் உடலில் படை தடுமாறவில்லை, எனவே இடம் காட்டினாலும் இறங்க ஆள் இல்லை.

இந்தத் தெளிவோடு திருவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினோம். அரை மணி நேரப் பயணம். மலை மேற்கே கூடவே வரும், ஊர் நெருங்கியதும் கோபுரம் முதலில் தெரியும். பெரியம்மாள் எம்மை நன்றாக உபசரித்தார். சுற்றி வளைக்காமல், "வாத்தியார் தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கள், பெண்ணுக்கும் வருமா?" என்று கேட்டார். மறைக்காமலே சொன்னோம். "மாமி, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் உண்டல்லவா, அவர்களுக்குப் பாவு இழை அச்சாக ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வருகிறதா என்று இங்கிலாந்தில் எண்ணிப் பார்த்து 1993இல் வெளியிட்டார்கள். 100க்கு 15 பேருக்குத்தான் வந்தது. மீதி 85 பேர் அதே இரத்தத்தோடு நலமாக இருந்தார்கள். ஒரே பிரசவத்தில் பிறந்தும் வேறு வேறு கருவான இரட்டையர் என்றால் 100க்கு 4கூட இல்லை. நம் பெண் மகள்தானே, பாதி இழைதான் தாயுடையது."

அவர் சிறிது நேரம் கணக்குப் போட்டார். "நூற்றுக்கு நாலா? எங்கள் வீட்டில் நாலு பேருக்கு இரண்டு பேருக்குச் சர்க்கரை. அதைப் பெண் வீட்டார் கேட்கவில்லையே" என்றார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. மணமகனாகத்தான் இருக்க வேண்டும். முடிவை ஆண்கள் கூடிச் சொல்வார்கள் என்றார். இப்படிப்பட்ட முடிவை யார் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இராசபாளையம் திரும்பும் வழியில்தான் எம் நெஞ்சு கனத்தது. சம்பந்தி வீட்டுக்கு விடை சொல்லியாயிற்று. தமக்கையாருக்குச் சொல்லவேண்டிய விடையில் ஒரு பாதியை நாம் மறைத்து வைத்திருந்தோம். "வேலை உன் நோயை உண்டாக்கவில்லை, இடத்தை மட்டும் காட்டியது" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் இவற்றைத் தேடிப் படிக்கையில், மலேசியப் பெண்களிடையே நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வும் கண்ணில் பட்டிருந்தது. வேலையிடத்தில் நெசவுத் தூசியைச் சுவாசித்த பெண்களுக்குச் சரவாங்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது என்கிறது அது. சில மரபணுக்களை உடையவர்களிடம் அந்தத் தூசி இன்னும் கடுமையாக வேலை செய்தது. ஆக, கையின் வேலை இடத்தைத்தான் காட்டியது. ஆனால் மூக்கின் வழியே போன பஞ்சுத் தூசி, படையின் தடுமாற்றத்திற்கே துணை போயிருக்கக் கூடும். இருபத்திரண்டு ஆண்டுகள் தூசிக்கு நடுவில் இருந்தவரிடம் இதைச் சொல்வதா? சொல்லி என்ன பயன் என்று ஒரு மனம், கேட்டவருக்கு மெய்யைச் சொல்லாமல் இருக்க உனக்கு என்ன உரிமை என்று மறுமனம்.

சொன்னோம். மாலையில், அவர் வெந்நீரில் கையை அமிழ்த்தி விரல்களை மெல்ல விரித்து மடக்கிக்கொண்டிருந்தபோது சொன்னோம். மருத்துவர் கற்பித்த பயிற்சி அது. விசைதான் இடம் காட்டுகிறது என்றதும் கையை அசைக்காமல் கட்டிப் போட்டுவிடலாமா என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உண்ணும் மருந்தால் அழற்சி அடங்கிய மூட்டுக்கு, அளவான அசைவு தசையையும் எலும்பையும் காக்கிறது. அசையாக் கை வற்றிப் போகும். எந்த மூட்டுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். தமக்கையார் தொழுகையை நாற்காலிக்கு மாற்றியதும், குழாய்க்கு நீண்ட கைப்பிடி வைத்ததும் அந்த அளவைப் பேணத்தான்.

அவர் அழவில்லை. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ராட்டை சுற்றியதற்காக என் மாமனாரை மனத்தில் வைத்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தம்பி. அவரையல்லவா நான்…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். இறந்தவரைப் பற்றிய பேச்சை அதற்குமேல் நாமும் கிளறவில்லை.

அப்போது இளைய மகள் வேலை முடிந்து வந்தாள். அவள் தறிக்கூடத்தில் கணக்கு எழுதுபவள். தறி ஓடும் இடத்திற்கும் அவள் மேசைக்கும் நடுவே ஒரு தடுப்புக்கூட இல்லை. அவளுடைய முக்காட்டின் மேலும் புருவத்தின் மேலும் வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தது. நாம் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். தமக்கையார் ஈரக்கையோடு எழுந்து போய், சொல்லுக்கு இடமில்லாமல் அந்தப் பஞ்சைத் துடைத்தார். "நாளைக்கு உன் முதலாளியிடம் மேசையை வெளித் திண்ணைக்குப் போடச் சொல். அவர் மாட்டேன் என்றால் நான் வந்து கேட்கிறேன்" என்றார். "அதுவரைக்கும் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்." பிறகு அலமாரியைத் திறந்து, தம் கையால் மடித்துச் சுருட்டிய பழைய காஸ் துணிச் சுருள் ஒன்றை எடுத்து, எத்தனை மடிப்புப் போட்டால் தூசி நுழையாது என்று எம்மைக் கேட்டார். அது போதாது, கடையில் நல்ல முகக்கவசம் கிடைக்கும், காலையில் வாங்கி வருகிறோம் என்றோம்.